கற்றல் ஏணியும் தமிழ் வகுப்பும்: செயல்வழிக் கற்றல் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2007-08 கல்வியாண்டில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தோற்றமே மாறிப்போனது. சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில், சுற்றிலும் கரும்பலகை பூசப்பட்டது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்துக் கம்பிப் பந்தல் கட்டினோம். பிள்ளைகள் வரைந்த படங்களும் எழுதிய தாள்களும் அதில் தொங்க வேண்டும். பாய்கள் வந்தன, பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன, கட்டுக் கட்டாக அட்டைகள் வந்தன. ஆசிரியரின் நாற்காலி சுவரோரம் போயிற்று. அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடு தலைமையாசிரியையும் நானும் தரையில் அமர்ந்தோம்.

பாடங்களைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் எங்களுக்கு வந்துசேர்ந்தது இப்படித்தான். அந்த முறை நல்லதா, கெட்டதா என்று தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போனது என்று நினைக்கிறேன். யோசித்து உருவாக்கப்பட்ட ஒரு கற்பித்தல் முறை, யோசித்தவர்களிடமிருந்து உத்தரவாகக் கீழே இறங்கும்போது மொழி வகுப்புக்கு என்ன ஆகிறது? நான் தமிழ் கற்பித்தவன். இரண்டு ஆசிரியர்கள் மட்டுமே இருந்த ஒரு பள்ளியில் உட்கார்ந்து பார்த்ததையும், அதற்கு வெளியே பொதுவில் அறியப்பட்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கிருந்து புறப்பட்டது

ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ளது ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை வழியில் அமைந்த பள்ளி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக ஓராசிரியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரே கூரை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஆடு மேய்க்கப் போய்விட்டுப் பத்து நாள் கழித்து வரும் பிள்ளையும் அதில் உண்டு. பத்மநாப ராவ், ரமா இணையர் இந்த நிலைமைக்கு விடை தேடினார்கள். பாடப்புத்தகத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை, படிகளை அடுக்கினால் ஓர் ஏணி. பிள்ளை எந்தப் படியில் விட்டுப் போனதோ, திரும்பி வந்ததும் அதே படியில் கால் வைக்கலாம். அந்தப் பள்ளிகளின் தேவையிலிருந்து பிறந்த முறை அது.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். இந்த முறையைக் கையில் எடுத்தார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் குழுக் குழுவாக ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள், திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்பத் தாங்களே அட்டைகளை எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகளில் சோதித்தார்கள். பிறகு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் விரிந்தது. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரான பின் ஒன்றியத்துக்குப் 10 பள்ளிகள் என்று முறை பரவியது. அடுத்த கட்டத்தில், 2007-08-இல், மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரே வீச்சில் வந்துவிட்டது.

இந்த எண்களை நான் மறுபடி மறுபடி பார்ப்பதுண்டு. 13 பள்ளிகளின் ஆசிரியர்கள் மூல இடத்துக்கே போனவர்கள். தயங்கினார்கள், வாதிட்டார்கள், தங்கள் கையால் அட்டை செய்தார்கள். 37,000 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அச்சிட்ட அட்டை வந்தது. முறை ஒன்றுதான் என்றாலும் அவர்களுடைய அனுபவமும் எங்களுடைய அனுபவமும் ஒன்றல்ல. 'ஆசிரியர்களே உருவாக்கியது' என்று எங்களிடம் சொன்னார்கள். அது உண்மைதான். அந்த ஆசிரியர்கள் நாங்கள் இல்லை.

வகுப்பறையில் அது இயங்கிய விதம்

பிள்ளை காலையில் வந்ததும் தன் வருகையைத் தானே பதியும். காலநிலை அட்டவணையில் வெயிலா, மழையா என்று குறிக்கும். ஏணிப் படத்தில் தன் படியைக் கண்டுபிடித்து, அதே சின்னமுள்ள தட்டிலிருந்து அட்டையை எடுக்கும். அட்டையைப் பொறுத்து அது உட்கார வேண்டிய குழு மாறும். ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர், பகுதி உதவி தேவைப்படுவோர், சக மாணவரின் முழு உதவியோடு படிப்போர், பகுதி உதவியோடு படிப்போர், தானே படிப்போர், மதிப்பீட்டுக்குரியோர் என ஆறு குழுக்கள். ஒரு படி முடிந்தால் அடைவு அட்டவணையில் பதிவு.

இதில் மனமார வரவேற்றவை பல எனக்கு உண்டு. பிள்ளைகளின் பயம் வெகுவாகக் குறைந்தது. தரையில் அமர்ந்த ஆசிரியரின் தோளில் சாய்ந்துகொண்டு படித்த குழந்தையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விடுப்பு எடுத்த பிள்ளை 'பாடம் போய்விட்டதே' என்று மிரளவில்லை. கீழ்மட்டக் கரும்பலகையில் ஆளுக்கொரு கட்டம். கடைசி வரிசைப் பிள்ளை என்று ஒருவரும் இல்லை. அட்டைமுறையை முழுதாகத் தள்ளுகிறவர்களோடு நான் சேராததற்குக் காரணம் இதுதான்.

'ட' என்ற எழுத்து

இனி மொழிக்கு வருகிறேன். தமிழ் அட்டைகளின் தொடக்கம் அ, ஆ, இ, ஈ இல்லை. எழுத எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளிலிருந்து ஏணி கிளம்பியது. எங்கள் தலைமையாசிரியை 30 ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். முதல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது: "அணிலைக் காட்டி 'அ' சொல்லலாம், ஆட்டைக் காட்டி 'ஆ' சொல்லலாம். 'ட'வுக்கு எதைக் காட்டுவது, சார்?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. தமிழில் ட சொல்லுக்கு முதலில் வராது, நம் இலக்கணமே அதைத்தான் சொல்கிறது. எழுத்தைப் படத்தோடும், படத்தைச் சொல்லின் முதல் ஒலியோடும் இணைத்துக் கற்பிக்கும் வழக்கத்தில் ஊறியவருக்கு இந்த வரிசை காலடி மண்ணை உருவியதுபோல் இருந்தது. பெற்றோருக்கும் அப்படித்தான். பள்ளி விட்டு வந்த பிள்ளையை மடியில் வைத்து "அ, ஆ சொல்லு" என்று கேட்ட தாத்தாக்கள், பிள்ளை விழிப்பதைக் கண்டு மறுநாள் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். ஆத்திசூடியே அகர வரிசையில் அமைந்த ஒரு மொழியில் அவர்களுடைய கவலை இயல்பானது.

புதிய வரிசைக்கும் வலுவான காரணம் உண்டு. அ முதல் ஔ வரை 12 எழுத்தையும் கற்ற பிள்ளையால் 'ஆ', 'ஈ' போன்ற ஓரெழுத்துச் சொற்களைத் தவிர எதையும் படிக்க இயலாது. ட, ப, ம மூன்றையும் கற்று, புள்ளி வைத்த எழுத்தையும் அறிந்த பிள்ளை படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரங்களிலேயே சொற்களைப் படித்துவிடும். நேர்கோடுகளாலான ட, ப இரண்டும் சிறு விரல்களுக்கு எளிது. சுழியும் வளைவும் நிறைந்த 'அ' அப்படியில்லை. 247 எழுத்து என்ற மலையைப் பார்த்து மிரளாமல், மூன்று எழுத்தில் ஒரு சொல் கிடைத்த மகிழ்ச்சியோடு பிள்ளை அடுத்த எழுத்துக்குப் போகும்.

இந்தக் காரணம் எனக்குப் புரிந்தது இரண்டாம் ஆண்டில். ஒரு சிறுமி தன் சிலேட்டில் 'பட்டம்' என்று எழுதி, தானே படித்து, எழுந்து நின்று என்னைப் பார்த்தபோது புரிந்தது. வட்டார வள மையத்தில் நான் பெற்ற பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை. தட்டை எங்கே வைப்பது, சின்னத்தை எப்படி அடையாளம் காண்பது, அட்டவணையை எப்படி நிரப்புவது என்பதற்கே நாள்கள் போயின. எழுத்தின் வரிசை வந்து சேர்ந்தது, வரிசைக்கான காரணம் வழியிலேயே நின்றுவிட்டது. தலைமையாசிரியையின் கேள்விக்கு அன்று ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தால், அவரே அந்த முறைக்கு எங்கள் ஒன்றியத்தில் சிறந்த தூதராகியிருப்பார். அவருக்குக் கிடைத்த பதில், "மேலிடத்தில் முடிவு செய்தது, டீச்சர்." அதன்பின் அவர் காலையில் அட்டையும், மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அ, ஆவும் கற்பித்தார். பிள்ளைகள் இரண்டையும் சுமந்தார்கள்.

பேச்சு எங்கே போனது

கணக்கில் ஓர் அட்டை தனியே நின்று வேலை செய்யும். மணிகளை எண்ணு, கூட்டு, விடையைச் சரிபார். மொழி அப்படி இயங்குவதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை 'மானம் கறுத்துக்கிச்சு' என்று வரும். அட்டையில் 'வானம் கறுத்தது' என்று இருக்கும். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் போகும் பாலத்தை அட்டையால் போட முடியாது. பிள்ளை சொன்னதை வாங்கி, அதைக் குறை சொல்லாமல், எழுத்து வடிவத்தில் திருப்பிச் சொல்லும் ஒருவரின் குரல் வேண்டும். கதை கேட்கக் கூட்டம் வேண்டும், பாட்டுக்குச் சேர்ந்திசை வேண்டும். ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கும்போது கேட்க நான்கு காதுகளாவது வேண்டும்.

30 பிள்ளைகள் 30 படிகளில் நிற்கும் வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் பதிவு செய்துகொண்டும் அட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் பேசிய நேரம் மொத்தமாகக் கூடியிருக்கலாம், தொடர்ந்து பேசிய நேரம் குறைந்தது. எழுத்து கூடிற்று, சொல் கூடிற்று, பத்தி கூடவில்லை. ஏணியின் மேல்படிகளில் நின்ற நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அட்டையில் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதினார்கள். 'நேற்று என்ன நடந்தது, எழுது' என்றால் தடுமாறினார்கள். ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகளில் கதையும் பாட்டும் ஊர் மக்களின் பங்கும் அட்டைகளைச் சுற்றி இருந்தன. எங்களுக்கு வந்த பெட்டியில் அவற்றை அடைத்து அனுப்ப வழியில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள். வெளியே நல்ல மழை. அட்டைகளை ஓரமாக வைத்துவிட்டு எல்லாப் பிள்ளைகளையும் வட்டமாக உட்காரவைத்து மழையைப் பற்றிப் பேசினோம். ஒழுகும் வீடு, நனைந்த கன்றுக்குட்டி, தவளைச் சத்தம் என்று பேச்சு பெருகியது. பிள்ளைகள் சொன்ன வாக்கியங்களை நான் கரும்பலகையில் எழுத, அவர்களே படித்தார்கள். மூன்றாம் வகுப்பில் அதுவரை வாய் திறக்காத ஒரு பையன், தன் வீட்டில் எந்தெந்தப் பாத்திரத்தை எங்கெங்கே வைத்து ஒழுகலைப் பிடித்தார்கள் என்று வரிசையாகச் சொன்னான். அந்த நேரத்தில் பார்வைக்கு வந்த அலுவலர், குடையை மடக்கிவிட்டுக் கேட்டார்: "இது எந்த அட்டை, சார்?" அட்டை இல்லை என்றேன். அடைவு அட்டவணையில் அன்றைய கட்டம் காலியாக இருந்தது. ஒரு வாரத்தில் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நான் எழுதிக் கொடுத்த விளக்கத்தின் கடைசி வரி, 'இனி இவ்வாறு நிகழாது.' என் ஆசிரியப் பணியில் நான் எழுதியவற்றுள் இன்றும் என்னை வருத்தும் வாக்கியம் அது.

அந்த அலுவலரை நான் பழிப்பதற்கில்லை. அவர் கையில் இருந்த படிவத்தில் தட்டுகள் உள்ளனவா, கம்பிப் பந்தல் உள்ளதா, அட்டவணை நிரம்பியுள்ளதா என்ற கேள்விகள் இருந்தன. மேலிருந்து வரும் மாற்றத்தில் எண்ணத்தக்கவை மட்டுமே மேலே திரும்பிப் போகும். ஒரு பையன் வாய் திறந்தான் என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

சென்னைக்கு இது புதிதில்லை

கற்பித்தல் முறை ஒன்று உத்தரவாக இறங்குவதற்கு இதே மண்ணில் முன்னோடிகள் உண்டு. 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ ஆண் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். ஆங்கில எழுத்துகளையும் அப்படியே மணலில் கற்பிக்கும்படி தம் ஆசிரியருக்குக் கட்டளையிட்டார். அது நடக்காது என்றார் ஆசிரியர். பெல் அந்த வேலையை ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் கொடுத்தார், அவன் செய்து காட்டினான். 1797-இல் பெல் வெளியிட்ட அறிக்கையின் மூலம் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. மாணவனே மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை வழக்கம்தான் அதன் வேர். இந்தக் கதையில் ஆசிரியர் எப்போதும் பிடிவாதக்காரராகவே வருகிறார். அவர் ஏன் மறுத்தார், எதை அஞ்சினார் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது 1950-களின் இறுதி. சென்னை மாநிலத்தில் ஆங்கிலம் தொடங்கும் வகுப்புகளின் ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு, அமைப்புவழிக் கற்பித்தல் என்ற புதிய முறையில் மறுபயிற்சி தரப் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு ஓர் இயக்கம் நடந்தது. ஒரு சிறு குழுவுக்குப் பயிற்சி, அவர்கள் அடுத்த குழுவுக்கு, அவர்கள் அதற்கடுத்த குழுவுக்கு என்று உருண்டதால் அதை 'மெட்ராஸ் பனிப்பந்து' என்றே அழைத்தார்கள். வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்திக் கற்பிக்கும் அந்த முறையும் அக்கறையோடு உருவானதே. பந்து உருள உருள ஆசிரியர் எண்ணிக்கை பெருகியது. ஆனால் இப்படிக் கைமாறிக் கைமாறி வரும் பயிற்சியில் கடைசிக் கைக்கு எது மிஞ்சும் என்பது, கடைசிக் கையாக இருந்த எவருக்கும் தெரியும். செயல்முறை மிஞ்சும், சிந்தனை மிஞ்சாது.

சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு இதற்கு நேர்மாறான வழியில் போனவர். 1979-இலிருந்து ஐந்தாண்டுகள் தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் மட்டும், பிள்ளைகளுக்குச் சிறு வேலைகளைக் கொடுத்து அவற்றின் வழியாக ஆங்கிலம் கற்பிக்கும் பெங்களூர்த் திட்டத்தை நடத்தினார். எல்லாப் பள்ளிக்கும் பரப்ப அவர் அவசரப்படவில்லை. அங்கேயும், திட்டத்தோடு ஒன்றியவர்கள் கையாண்ட அளவுக்கு வழக்கமான பள்ளி ஆசிரியர்களால் கையாள முடியவில்லை என்று பின்னர் நடந்த மதிப்பாய்வு காட்டியது. 1990-இல் பிரபு முன்வைத்த கருத்து எங்களைப் போன்றவர்களுக்கு மிக நெருக்கமானது. இப்படிச் செய்தால் பிள்ளைக்கு ஏறும், இப்படிச் செய்தால் ஏறாது என்று ஒவ்வோர் ஆசிரியருக்குள்ளும் அனுபவத்தால் திரண்ட ஓர் உணர்வு இருக்கிறது. அது உயிரோடிருந்தால் பல முறைகள் பலன் தரும். அது செத்துவிட்டால் எந்த முறையும் இயந்திரமாகும். எங்கள் தலைமையாசிரியை மதியம் சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது அந்த உணர்வுதான்.

பிறகு வந்தவை

சில ஆண்டுகளில் அட்டைகளைக் குறைத்து எளிமைப்படுத்தப்பட்ட செயல்வழிக் கற்றல் வந்தது. 2012-13-இல் ஆண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும், 2025-க்குள் இது நிறைவேற வேண்டும் என்று இலக்கு வைக்கப்பட்டது. முதலில் 1 முதல் 3 வகுப்புகள், அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளும். பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள்.

இலக்கை எவரும் மறுக்க முடியாது. ஆடல், பாடல், கதைக்கு அதில் இடம் கொடுத்திருப்பதை மனம் திறந்து பாராட்டுகிறேன். அட்டைக்காலத்தில் எங்களுக்கு விட்டுப்போனது அதுதான். ஆனால் ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிய குறை பழைய குறையே: கைபேசிச் செயலியில் இடைவிடாத மதிப்பீட்டுப் பதிவு, அதைப் பதிவேற்றக் கற்பித்தல் நேரம் போகிறது என்பது. சுவரில் இருந்த அட்டவணை கைபேசிக்குள் போயிருக்கிறது. கல்வியியல் மாணவர்களை அனுப்பிப் பள்ளிகளை மதிப்பிடச் செய்தபோது 2023-இல் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. பல ஆண்டுகள் கற்பித்தவர் இன்னும் பட்டம் முடிக்காதவரின் படிவத்துக்கு விடை சொல்லும் நிலை வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை, முடிவெடுத்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

இதற்கான விடை செயல்வழிக் கற்றலின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. 13 பள்ளிகளில் நடந்தது நல்ல தொடக்கம். பார்க்க அனுப்பினார்கள், எழுத விட்டார்கள், திருத்த விட்டார்கள். அதே வாய்ப்பை ஒன்றியந்தோறும் கொடுத்திருந்தால் பத்தாண்டு ஆகியிருக்கும். ஆகட்டும். பத்தாண்டில் வேரூன்றுவது, ஓராண்டில் விரிந்து சில ஆண்டுகளில் சுருட்டப்படுவதைவிடப் பிள்ளைகளுக்கு நல்லது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் மாதந்தோறும் நடந்தன. அவற்றில் ஒன்றையாவது, 'ட'வில் தொடங்கலாமா, 'அ'வில் தொடங்கலாமா என்று ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளின் சிலேட்டைக் கொண்டுவந்து வாதிடுவதற்குக் கொடுத்திருக்கலாம். ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றியிருந்தால்கூடப் போதும்: 'அட்டவணை நிரம்பியுள்ளதா?' என்பதற்குப் பதில், 'இந்த மாதம் முறையில் நீங்கள் என்ன மாற்றினீர்கள், ஏன்?'

எங்கள் தலைமையாசிரியை அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தார். ட, ப, ம படிகள் முடிந்ததும், பழைய அழைப்பிதழ்களின் பின்புறத்தில் தம் கையெழுத்தில் அட்டைகள் எழுதினார். வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெயர்கள், அவர்கள் வீட்டு ஆடு மாடுகளின் பெயர்கள், ஊர்த் தெருப் பெயர்கள். அச்சிட்ட அட்டைகளைவிட அவைதான் சீக்கிரம் கிழிந்தன, அத்தனை கைகள் பட்டன. பார்வை நாளன்று அவற்றைத் தம் கைப்பைக்குள் வைத்துக்கொள்வார். ஓய்வு பெற்றபோது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் இருந்த வரை அவற்றைப் பயன்படுத்தினேன், கிழிந்தவற்றுக்குப் பதில் புதியவை எழுதினேன். நானும் பார்வை நாளன்று அவற்றை எடுத்து மறைத்தேன்.